நான் அவன் இல்லை சார்

எங்கள் கடையில் 2020 கடைசி வரை ஓடிய ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒரு நோய் இருந்தது. ட்ரம்மில் கீறல். எந்தத் தாளை வைத்தாலும் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ் வரை, தலைமுடி விழுந்த மாதிரி மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு வரும். ட்ரம்மை மாற்றச் சொல்லி மெக்கானிக் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஓரத்துலதானே விழுது, எழுத்து மேல விழலயே" என்று நானும் இரண்டு வருஷம் ஓட்டினேன். கஸ்டமர் யாரும் கேட்டதில்லை. மெஷினை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டபோது கோட்டையும் மறந்துவிட்டேன்.

போன வருஷம் அதே கோட்டை ஒரு வங்கிக் கிளையின் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். என் மச்சினன் பெயரில், அவனுக்கே தெரியாமல் யாரோ திறந்த கணக்கு. அதற்குக் கொடுத்திருந்த ஆதார் நகல். வலது ஓரத்தில் அந்தக் கோடு.

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கத்திவாக்கம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாக வந்துவிடலாம் கடைக்கு. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், எதுவும் இல்லாத நேரத்தில் ரீசார்ஜ். மச்சினன் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் லாஷிங் வேலை பார்க்கிறான். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தோளைத் தொடவிட மாட்டான், அவ்வளவு வலி.

ஆடி மாசம். தெருவில் கூழ் ஊற்ற ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு பைக்கில் வந்து மாமியார் வீட்டு வாசலில் நின்றார். கையில் கவர். வடக்கே ஒரு மாநிலத்தின் பெயரைச் சொல்லி, "அங்க உனக்கு யாரையாவது தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

"நான் அரக்கோணத்தையே தாண்டுனதில்ல சார்."

"உன் பேர்ல இருக்குற அக்கவுண்ட்ல அங்க ஒருத்தரோட காசு விழுந்திருக்கு. விழுந்த அன்னைக்கே எடுத்திருக்கு. நேர்ல வரச் சொல்லி நோட்டீஸ்."

இரண்டு பக்கம் இந்தி. நடுவில் அவன் பெயரும் அப்பா பெயரும் கதவு எண்ணும் மட்டும் ஆங்கிலத்தில். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

"நான் அவன் இல்லை சார்."

"பேரு உன்னுதுதானே? அப்பா பேரு? டோர் நம்பர்?"

"எல்லாம் என்னுதுதான் சார். ஆனா நான் அவன் இல்ல."

"அத அங்க போய்ச் சொல்லு தம்பி" என்றார் ஏட்டு. கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

1974-ல் கே. பாலசந்தர் 'நான் அவனில்லை' என்று ஒரு படம் எடுத்தார். ஜெமினி கணேசன் ஊருக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு வேஷம் என்று ஏமாற்றிவிட்டு, கோர்ட்டில் நின்று நான் அவனில்லை என்று சாதிப்பார். அங்கே ஏமாற்றியவன் சொன்ன வசனம். எங்கள் வீட்டில் ஒன்றும் செய்யாதவன் அதையே நான்கு மாசம் சொன்னான்.

முதலில் எனக்கு அந்த நோட்டீஸ் மேலேயே சந்தேகம். இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பல் சொல்வதும் இதைத்தானே? உங்கள் ஆதாரை வைத்துப் பார்சல் போயிருக்கிறது, உங்கள் பெயரில் கணக்கு திறந்து கறுப்புப் பணம் ஓடியிருக்கிறது, கேமராவை அணைக்காமல் உட்காருங்கள் என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் ரேடியோவில் சொல்ல வேண்டியதாயிற்று. நம் பெயரில் வேறு யாரோ குற்றம் செய்திருப்பானோ என்ற பயம்தான் அவர்களுடைய முதலீடு. அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள்.

நிஜ நோட்டீஸை எப்படிக் கண்டுபிடிப்பது? திருவொற்றியூர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் வக்கீல் மேடம் சொன்னார்: நிஜ போலீஸ் தாளில் வரும், நம்ம ஊர் ஸ்டேஷன் வழியாக வரும், காசு கேட்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டதாகச் சொல்லக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு வந்தது புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அதாவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 35-ஆவது பிரிவின்படி வந்த நோட்டீஸ். பழைய சட்டத்தில் 41-ஏ. போய் நின்று ஒத்துழைத்தால், காரணத்தை எழுதிப் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. போகாமல் இருந்தால் கதை வேறு. "ஊரு தள்ளி இருக்குன்னு அலட்சியமா மட்டும் இருந்துடாதீங்க" என்றார்.

ஆள்மாறாட்டம் என்றதும் நமக்கு 2019-ல் தேனி மருத்துவக் கல்லூரி நீட் விவகாரம் ஞாபகம் வரும். அங்கே எழுதியவனும் எழுத வைத்தவனும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள். இது வேறு ரகம். உங்களுக்குச் சேதியே வராது. ஒருநாள் போலீஸோ வரித்துறையோ வாசலில் வந்து நிற்கும்போதுதான், உங்கள் பெயரில் இன்னொரு மனிதன் சில வருஷமாக வாழ்ந்துகொண்டிருப்பது தெரியும். காசு திருடினால் பாஸ்புக்கில் தெரிந்துவிடும். பெயரைத் திருடினால் எதிலும் குறையாது, அதுதான் சிக்கல்.

இதில் மச்சினன் மட்டும் ஒன்றும் அபூர்வம் இல்லை. மதுராவில் ஒரு ரிக்‌ஷாக்காரருக்கு 2021-ல் வருமான வரி நோட்டீஸ் வந்தது. கட்ட வேண்டிய தொகை 3 கோடியே 47 லட்சம். அவர் பெயரில் யாரோ ஜிஎஸ்டி எண் வாங்கி 43 கோடிக்கு மேல் வியாபாரம் காட்டியிருந்தார்கள். அவர் பான் கார்டுக்கு விண்ணப்பித்தபோது கையில் கிடைத்தது ஒரு கலர் ஜெராக்ஸ்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று கடையில் கலர் ஜெராக்ஸ் போட எனக்குக் கை வரவில்லை. 2023-ல் நொய்டா போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தபோது 2,600-க்கும் மேற்பட்ட போலி கம்பெனிகள், 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பான் விவரங்கள். அதே வருஷம் விஜயவாடாவில் ஒரே ஆளின் போட்டோவை வைத்து 658 சிம் கார்டு.

கைரேகை இருக்கிறதே, அதைத் திருட முடியாதே என்பீர்கள். தெலங்கானாவில் பெத்தபள்ளி பக்கம் ஒரு சிம் கடைக்காரர் 2018-ல் என்ன செய்தார் தெரியுமா? பத்திரப் பதிவு இணையதளத்திலிருந்து கிரயப் பத்திரங்களை இறக்கி, அதில் இருந்த கட்டைவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையிலேயே விரல் செய்துவிட்டார். ஆயிரக்கணக்கில் சிம் ஆக்டிவேட் ஆனது. விற்பனை டார்கெட்டுக்காகச் செய்தாராம்! ரப்பர் ஸ்டாம்ப் நானும்தான் செய்து கொடுக்கிறேன். அந்த மெஷின் என்ன பாவம் செய்தது.

கோர்ட்டில் நடப்பது இன்னும் பழைய கதை. ஜாமீனில் வருகிறவனுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் ஷூரிட்டி நிற்க வேண்டும். யாருடைய காகிதத்தையாவது வைத்துக்கொண்டு காசுக்கு வந்து நிற்கிற ஆட்கள் எல்லா ஊர் கோர்ட்டிலும் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் நம் உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் அந்த வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: ஷூரிட்டி கொடுப்பவர் போட்டோ ஒட்டி இடது கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆளை உறுதி செய்ய ஆதார் அல்லது பாஸ்புக் நகலை மாஜிஸ்ட்ரேட் வாங்கிக்கொள்ளலாம். ஜாமீனில் போனவன் ஓடிவிட்டால் ஷூரிட்டியைத்தான் தேடுவார்கள். காகிதம் உங்களுடையது என்றால் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இதெல்லாம் நம் நாட்டுக் கோளாறு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கேட்டால் தூக்கம் போகும். 1980-களின் கடைசியில் ஹாட்டாக் வண்டி ஒன்றில் இரண்டு பேர் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஒருவன் மற்றவனுடைய பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெயரிலேயே கல்யாணம், பிள்ளை, அயோவாவில் பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. நிஜ ஆள் வீடில்லாமல் தெருவில் கிடந்தார். 2019-ல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வங்கிக்குப் போய், என் பெயரில் யாரோ கடன் வாங்கியிருக்கிறான் என்றார். வங்கிக்காரர் கணக்கில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். எடுத்தது திருடன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். கைதானது நிஜ ஆள். 428 நாள் ஜெயில், 147 நாள் மனநல மருத்துவமனை. நான்தான் நான் என்று சொல்லச் சொல்ல, பைத்தியம் என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு போலீஸ் துப்பறிவாளர் அவருடைய அப்பாவைத் தேடிப் பிடித்து டிஎன்ஏ எடுத்த பிறகுதான் உண்மை வந்தது. திருடனுக்கு 2025-ல் 12 வருஷம் தண்டனை.

மச்சினனிடம் இதை நான் சொல்லவில்லை. அவன் ஏற்கெனவே சாப்பிடாமல் இருந்தான்.

அந்த வங்கிக் கிளை சென்னைக்குள்ளேயேதான் இருந்தது, நாங்கள் கால் வைக்காத ஒரு ஏரியாவில். மூன்று தடவை போனோம். "போலீஸ் கேட்டா கொடுப்போம், உங்ககிட்ட காட்ட முடியாது" என்றார்கள். எங்கள் கையில் போலீஸ் நோட்டீஸ் இருக்கிறதே என்றேன். நாலாவது தடவை ஒரு இளம் அதிகாரி, பெண், திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

2022-ல் திறந்த கணக்கு. போட்டோ மச்சினனுடையதுதான். நீலப் பின்னணி, கட்டம் போட்ட சட்டை. "இந்தச் சட்டை இப்ப இல்ல மாமா, கிரீஸ் தொடைக்கப் போட்டுட்டேன்" என்றான். கீழே கையெழுத்து, வளைத்து வளைத்து ஆங்கிலத்தில். அவனுக்கு வாழ்நாளில் தமிழ் கையெழுத்து மட்டும்தான். அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அதே நிமிஷம் நான் ஆதார் நகலின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மெஷின். என் கடை. ஒரு ரூபாய்க்கு நான் போட்டுக் கொடுத்த காப்பி.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, 2018-லிருந்து 2020 வரை அந்த வீட்டு ஆதார் ஜெராக்ஸ் எங்கெல்லாம் போனது என்று எழுதிப் பார்த்தோம். மனைவிக்கு நல்ல ஞாபகம். கான்ட்ராக்டருக்குக் கேட் பாஸ் போட மூன்று செட், போட்டோவோடு. ஊரடங்கு முடிந்து பாஸைப் புதுப்பிக்க இன்னொரு செட். தேரடி கிட்டே குடை போட்டு சிம் விற்றவரிடம் ஒன்று. மாமியாரின் குழுக் கடனுக்கு, வீட்டு ஆண் ஆள் என்று இவனுடையது. கேஸ் கனெக்‌ஷன். அட்வான்ஸ் கொடுத்துக் குடி போகாமல் விட்ட ஒரு வாடகை வீடு. ஒரு கட்சிக்காரர் நிவாரணம் வாங்கித் தருவதாக வாங்கிப் போனது. இப்படியே பதினாலு நகல் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டோம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒன்றிலும் எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதவில்லை.

எந்தக் கை அது என்று இன்றுவரை தெரியாது. கான்ட்ராக்டர் ஆபீஸை மச்சினன் சந்தேகப்படுகிறான், அங்கே பழைய ஃபைல்களை எடைக்குப் போட்டார்கள் என்கிறான். இருக்கலாம். நான் யாரையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் பெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்வேன். ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரை பாதிப் பேருக்குக் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட் மாறினால் மறுபடி ஒரு செட் ஜெராக்ஸ். கம்பெனிக் கேட்டுக்கு ஒன்று, சேஃப்டி கிளாஸுக்கு ஒன்று, பிஎஃபுக்கு ஒன்று. அது போதாதென்று நமக்கு வருகிற சோதனை ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம், அதோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றையும் முகத்துவாரத்தையும் மூடியது. வலை, படகு எல்லாம் தார் பூசின மாதிரி. அதே மாசம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. அந்த மூன்று வாரமும் என் கடையில் கூட்டம் குறையவில்லை. 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் ரேஷன் கடையில் முறையாகக் கொடுத்தார்கள். அதற்கு மேல் படகுக் கணக்கு எடுக்கிறோம், மருத்துவ முகாம், அரிசி மூட்டை என்று யார் யாரோ நோட்டோடு வந்தார்கள். எல்லாரும் கேட்டது ஆதார் நகல். கையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஒரே நாளில் எட்டுக் காப்பி எடுத்தார். "யாருக்கும்மா?" என்றேன். "கேக்குறவங்களுக்கு" என்றார்.

அந்த எட்டுக்கும் காசு வாங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. 2022 மே 27-ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது: ஆதார் நகலை எங்கேயும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தலாம், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்று. இரண்டே நாளில், தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கென்னவோ அது சரியாகத்தான் புரிந்தது. அந்த நாலு எண் ஆதாரை யார் வேண்டுமானாலும் ஆதார் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம், சட்டப்படி செல்லும். ஆனால் நான் பிரின்ட் போட்டுக் கொடுத்தால் கேட்டிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். "முழு நம்பர் தெரியணுமாம்ணா." இந்த ஒரு பழக்கத்தை ஆபீஸ்காரர்கள் விட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

சரி, அவன் எப்படி வெளியே வந்தான்?

முதல் வேலையாக எங்கள் ஸ்டேஷனில் புகார். எஃப்ஐஆர் போடவில்லை, புகார் வாங்கியதற்கு ரசீதாக சிஎஸ்ஆர் போட்டுக் கொடுத்தார்கள். வக்கீல் மேடம், "பரவாயில்ல, நமக்கு வேண்டியது தேதி" என்றார். இந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்று அப்போது புரியவில்லை. வாடகைக்குக் கணக்கு கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள், ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு ஏடிஎம் கார்டோடு கொடுத்துவிட்டு, மாட்டினதும் 'என் ஆதாரைத் திருடிட்டாங்க' என்பார்கள். போலீஸுக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். தெரிந்த அன்றே புகார் கொடுத்தவன் யார் என்பதுதான் வித்தியாசம். ஆகவே அன்றைக்கே தேசிய சைபர் கிரைம் தளத்திலும் ஏற்றி, அந்த எண்ணையும் எடுத்துக்கொண்டோம். (1930 என்ற நம்பர் காசு பறிபோனவர்களுக்கு. காசு போன உடனே அடிக்க வேண்டியது அது. இதற்குத் தளத்தில் எழுதுவதுதான் வழி.) புகாரில் ஐடி சட்டம் 66-சி, 66-டி என்று குறிப்பிடச் சொன்னார் மேடம். அடையாளத் திருட்டுக்கு 66-சி: 3 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம்.

அடுத்து 'சஞ்சார் சாத்தி' தளம். நம் மொபைல் நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தால், நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று வந்துவிடும். கடையிலேயே பார்த்தோம். நான்கு. அவனுக்குத் தெரிந்தது இரண்டு. மற்ற இரண்டுக்கும் 'என் நம்பர் இல்லை' என்று போட்டோம். அதில் ஒன்றுதான் அந்தக் கணக்கோடு இணைத்த நம்பர் என்று பிறகு தெரிந்தது. குடை போட்டு விற்கிறவர்கள் "ரேகை சரியா விழலண்ணா, இன்னொரு வாட்டி வைங்க" என்பார்களே, அந்த இரண்டாவது வாட்டியில் இன்னொரு சிம் போய்விடும். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை, இரண்டாவது முறை கேட்டால் ஸ்கிரீனைப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து காகித நகல் வைத்துப் புது சிம் கொடுக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பொய் ஆளாகச் சிம் வாங்கினால் புதுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 50 லட்சம் வரை அபராதம். ஆனால் அதற்கு முன்னால் போனதெல்லாம் போனதுதானே.

சிபில் ரிப்போர்ட்டும் எடுத்தோம். வருஷத்துக்கு ஒன்று இலவசம், சிபிலையும் சேர்த்து இருக்கிற நான்கு கம்பெனியிலும். எடுத்துப் பார்த்தால் ஒரு ஆப் கடன், 8,000 ரூபாய், கட்டாமல் நிற்கிறது. சின்னத் தொகைதான். 2022-ல் நடிகர் ராஜ்குமார் ராவ் பெயரில் 2,500 ரூபாய்க்கு இப்படித்தான் கடன் எடுத்திருந்தார்கள். எனக்கு இல்லை என்று மறுத்து எழுதினால் 30 நாளில் சரி செய்ய வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்களுக்கு அந்த நூறு ரூபாய் கிடைக்கவில்லை, 28-ஆவது நாள் நீக்கிவிட்டார்கள்!

வங்கிக்கு ரிஜிஸ்டர் தபாலில் கடிதம். இந்தக் கணக்கு என்னுடையது இல்லை, கையெழுத்து என்னுடையது இல்லை, மூடுங்கள், திறந்தவர் யார் என்று விசாரியுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இருபதாம் நாள் பதில் வந்தது, மூன்று வரியில். அந்த மூன்று வரி போதுமாக இருந்தது.

அவனுடைய சம்பளக் கணக்கு நல்லவேளையாக முடங்கவில்லை. சிலருக்கு அதுவும் முடங்கி, பால் வாங்கக் காசில்லாமல் நிற்பார்கள். அப்படி ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், நம் உயர் நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. வக்கீலிடம் கேளுங்கள்.

ரயிலில் இரண்டு ராத்திரி. நான், அவன், ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஊர் சைபர் போலீஸ் ஸ்டேஷன் எங்கள் வார்டு ஆபீஸை விடச் சின்னது. ஐஓ, அதாவது விசாரணை அதிகாரி, பெரிய மீசை, நல்ல மனுஷன். எங்களுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பக்கமும் பட்லர் இங்கிலீஷ். கணக்கு திறந்த அன்று மச்சினன் காலை ஷிப்டில் இருந்தான் என்பதற்குக் கேட் என்ட்ரி நகல் வாங்கிப் போயிருந்தோம். அதை வாங்க பதினோரு நாள் அலைந்தோம். கான்ட்ராக்டர் தரவில்லை, கேட்டில் இருந்த ஒரு செக்யூரிட்டி அண்ணன் சொல்லிக் கொடுத்த வழியில் எழுதிக் கேட்டு வாங்கினோம். ஐஓ ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பத்துக் கையெழுத்து போடச் சொன்னார். பத்தும் தமிழில். அவர் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "ஜிலேபி" என்று சிரித்தார். வேறு சமயம் என்றால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று அந்த ஜிலேபிதான் காப்பாற்றியது.

வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். "இவன் இல்லை என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். குற்றப்பத்திரிகை போடும்போது பெயர் இருக்காது என்றார், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இப்படி மாட்டியவர்களுக்கு என்றே அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஒரு அட்டை கொடுக்கிறது. போலீஸ் நிறுத்தினால் காட்டலாம், 'இவன் அவன் இல்லை' என்று அரசாங்கமே சொல்கிற அட்டை. நமக்கு அப்படி ஒன்று இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 66-சி பிரிவு திருடனைப் பற்றிப் பேசுகிறது, திருட்டுக் கொடுத்தவன் கையில் கொடுக்க அதில் ஒரு தாளும் இல்லை. இன்றைக்கும் மச்சினன் வெளியூர் போனால் அந்த பிளாஸ்டிக் ஃபைல் கூடவே போகிறது. சிஎஸ்ஆர், தளத்துப் புகார் எண், வங்கியின் மூன்று வரி, ஐஓ கொடுத்த வாக்குமூல நகல்.

மொத்தம் ஒன்பது நாள் சம்பளம் போயிற்று. ரயில், வக்கீல் எல்லாம் தனி.

இப்போது வீட்டில் சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சஞ்சார் சாத்தி. வருஷத்துக்கு ஒரு தடவை சிபில். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் நம் பெயரில் கம்பெனி இருக்கிறதா என்று தெரியும். எனக்கு ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் முதலாளி ஆகியிருப்பேன். பிஎஃப் பாஸ்புக்கில் நாம் வேலை பார்க்காத கம்பெனி பெயர் இருக்கிறதா என்று கான்ட்ராக்ட் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதி இருக்கிறது. பூட்டினேன். அடுத்த வாரம் ரேஷன் கடையில் மாமியார் விரல் வைத்தால் எடுக்கவில்லை. அவருடையதையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன் என்பதை மறந்துவிட்டேன். க்யூவில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் எனக்குப் போனில் விழுந்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. பத்து நிமிஷத்துக்குத் திறந்துவிட்டு மறுபடி தானாகப் பூட்டிக்கொள்ளும், அதைக் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

கடையில் இப்போது கவுன்டரில் ஒரு சிவப்பு பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆதார் காப்பி எடுத்தால், யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று போட்டோ மேலேயும் எழுத்து மேலேயும் படுகிற மாதிரி குறுக்கே எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். சரியாக வராத காப்பியைக் கசக்கிக் குப்பையில் போடுவதில்லை, நாலாகக் கிழிக்கிறோம். "கேட்டுல இப்படிக் கோடு போட்டா வாங்க மாட்டாங்கண்ணா" என்று சொன்ன பையன்கள் பலர். திரும்பி வந்தவர்கள் இதுவரை இரண்டே பேர்.

கடைசியாக ஒன்று. ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஒரிஜினலைக் கண்ணாடி மேலேயே மறந்து போகிறவர்கள் நிறைய. என் டிராயரில் இப்போது பதினோரு ஆதார் கார்டு, மூன்று பான் கார்டு, ஒரு லைசென்ஸ் இருக்கிறது. உங்களுடையதாக இருந்தால் ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரு கையெழுத்து போட வேண்டும், தமிழில் போட்டால் சந்தோஷம்.